மணலில் விளையாடிய குழந்தையின் கையில் நாய்க்கழிவு: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

தேன்சிட்டு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஒன்றரை வயது. நேற்று சாயங்காலம் பூங்காவில் மணல் கொட்டியிருக்கும் இடத்தில் உட்கார வைத்திருந்தேன். போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் கையில் எதையோ வைத்துப் பிசைந்துகொண்டிருக்கிறான். ஈரமாக இருந்தது. நாற்றம் வந்த பிறகுதான் நாய் போட்டது என்று தெரிந்தது. வாயில் வைத்தானா இல்லையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உதட்டோரம் மணல் ஒட்டியிருந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். நகத்துக்குள் இருந்ததை ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்தேன்.

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. தேடிப் படித்ததில் கண் பார்வை போகும், ஈரலில் கட்டி வரும் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ரேபிஸ் வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. காலையிலிருந்து நன்றாகத்தான் விளையாடுகிறான், காய்ச்சல் எதுவும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஆய்வகச் சாளரம்

தேன்சிட்டு, கொஞ்சம் நிதானமாக இருங்கள். நான் ஒட்டுண்ணிப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். மருத்துவர் இல்லை. மலத்தில் புழு முட்டை தேடுவதுதான் என் அன்றாட வேலை. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ரேபிஸ். அது நாயின் எச்சிலில் வருவது. கடித்தாலோ, பிறாண்டினாலோ, புண்ணிலும் வாயிலும் கண்ணிலும் நக்கினாலோதான் அந்தக் கவலை. அப்படி நடந்தால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, தடுப்பூசிக்குப் போயே ஆக வேண்டும். மலத்தைத் தொட்டதால் ரேபிஸ் வராது. அதை இப்போதே மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, கண் பார்வை. நீங்கள் படித்தது டாக்ஸோகாரா கேனிஸ் என்ற உருண்டைப்புழுவைப் பற்றியதாக இருக்கும். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. நாய் அப்போதுதான் போட்ட மலத்தில் இந்தப் புழுவின் முட்டை இருந்தாலும் அது நோய் உண்டாக்காது. முட்டைக்குள் குஞ்சுப்புழு வளர வேண்டும். அதற்கு ஈரமும் இதமான சூடும் இருந்தாலும் பொதுவாக ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும், குளிர் என்றால் இன்னும் அதிக நாள். ஈரமாக, நாற்றத்தோடு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகையில் அது நல்ல செய்தி.

நான் கண்ணால் பார்த்ததையே சொல்கிறேன். புது மலத்தில் எடுத்த முட்டையை நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே கருப்பாக ஒரே ஒரு உருண்டை தெரியும். ஓடு தடிமனாக, தையல்காரர் விரலில் மாட்டுகிற உறை போலக் குழி குழியாக இருக்கும். அதே முட்டையை ஈரமான தட்டில் மூன்று வாரம் வைத்திருந்து மறுபடி பார்த்தால் உள்ளே ஒரு புழு சுருண்டு படுத்திருக்கும். விளக்கு வெளிச்சத்தின் சூடு பட்டதும் மெதுவாகத் திரும்பிப் படுக்கும். முதல் தடவை அதைப் பார்த்த நாளிலிருந்து நான் செருப்பை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை.

அதனால் எனக்குக் கவலை அந்த ஈர மலத்தைப் பற்றி அல்ல, அந்த மணலைப் பற்றி. போன மாதம் எந்த நாயோ போட்டு, காய்ந்து உதிர்ந்து கலந்துபோனது எத்தனையோ தெரியாது. குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அடுத்த ஒரு வாரம் பேதி, மலத்தில் ரத்தம், காய்ச்சல், வாந்தி இருக்கிறதா என்று பாருங்கள். புது மலத்தில் உடனடிக் கவலை கேம்பைலோபேக்டர், சால்மொனெல்லா மாதிரியான பாக்டீரியாதான். கேம்பைலோபேக்டர் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாளில் காட்டிவிடும்.

நான்குகால் துணை

நான் பதினைந்து வருடமாக நாய் வளர்க்கிறேன், இப்போது வீட்டில் மூன்று. என் மகள் அதுகளோடு கட்டிப் புரண்டுதான் வளர்ந்தாள். அவளுக்கு ஒன்றுமே வந்ததில்லை. இப்படி இழை போட்டுப் போட்டு நாய் வளர்ப்பவர்களை எல்லோரும் குற்றவாளி போலப் பார்க்கிற நிலைமை வந்துவிட்டது. மண்ணில் விளையாடினால்தான் குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி வரும். தேன்சிட்டு, பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது.

பச்சைக்கல்

நான்குகால் துணை, உங்கள் மகளுக்கு ஒன்றும் வராததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் "ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் அக்கா பையன். ஏழு வயதில் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னபோது பலகையே தெரியவில்லை என்றானாம். அதுவரைக்கும் எங்கள் யாருக்கும் தெரியாது. வலி இல்லை, சிவப்பு இல்லை. புகைப்படங்களில் ஒரு கண் லேசாக ஒதுங்கியிருப்பதைப் பிறகுதான் கவனித்தோம். முதலில் கண்ணுக்குள் புற்றுக்கட்டியோ என்று சந்தேகப்பட்டார்கள். அந்தப் பத்து நாள் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று எழுத முடியவில்லை. கடைசியில் விழித்திரையில் ஒரு தழும்பு, டாக்ஸோகாரா என்று சொன்னார்கள். அவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது வீட்டில் நாய் ஆறு குட்டி போட்டது. குட்டிகளோடுதான் பின்கட்டில் மண்ணில் கிடப்பான். குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது அவனுக்குப் பதினாறு வயது. இடது கண்ணில் ஓரத்துப் பார்வை மட்டும்தான்.

ஆய்வகச் சாளரம்

பச்சைக்கல், மனது கனத்துப் போய்விட்டது. நீங்கள் சொன்ன அந்தக் குழப்பம் மருத்துவ வரலாற்றிலேயே இருக்கிறது. 1950ல் ஹெலனோர் கேம்பெல் வைல்டர் என்ற நோய்க்குறியியல் வல்லுநர், கட்டி என்று சந்தேகித்து அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களை மறுபடி எடுத்து அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தார். 46 கண்களில் 24ல் புழுவின் தடயம் இருந்தது. கொக்கிப்புழுவின் குஞ்சாக இருக்கும் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். டாக்ஸோகாரா என்று 1956ல்தான் உறுதியானது. இடையில் 1952ல் பால் பீவரும் அவருடைய சகாக்களும், ஈரல் வீங்கி, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு எக்கச்சக்கமாக ஏறியிருந்த குழந்தைகளின் உடலில் இதே புழுக்குஞ்சு இருப்பதைக் கண்டார்கள்.

ஏன் இப்படி அலைகிறது என்றால், நாயின் உடம்பில் இந்தக் குஞ்சுக்கு வழி தெரியும். குடலுக்குப் போய்ப் பெரிய புழுவாகிவிடும். மனித உடம்பு அதற்குத் தெரியாத ஊர். வளரவும் முடியாமல் சாகவும் முடியாமல் ஈரல், நுரையீரல், சில சமயம் மூளை, கண் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே அடங்கிவிடுகிறது, இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கண்ணுக்குப் போவது அபூர்வம். போனால் பெரும்பாலும் ஒரே கண், ரத்தப் பரிசோதனையும் அப்போது சாதாரணமாகவே இருந்துவிடலாம். அதனால்தான் தாமதமாகத் தெரிய வருகிறது.

குட்டிப்பால்

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். பச்சைக்கல் எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த விஷயத்தில் பெரிய நாயைவிடக் குட்டிதான் ஆபத்து.

தாய் நாயின் தசையில் டாக்ஸோகாரா குஞ்சுகள் வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். அது சினையானதும் கடைசிக் கட்டத்தில் விழித்து, கருப்பைக்குள் இருக்கிற குட்டிக்குப் போய்விடும். மிச்சம் தாய்ப்பாலில் போகும். தூங்குகிற புழுவை வழக்கமான பூச்சி மருந்து ஒன்றும் செய்யாது. அதனால் தாய்க்கு ஒழுங்காக மருந்து கொடுத்திருந்தாலும் குட்டிகள் புழுவோடுதான் பிறக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்வோம். மூன்று வார வயதிலேயே குட்டியின் குடலில் முட்டையிடும் புழு இருக்கும். ஒரு பெண்புழு ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டை போடும். குட்டி கண் திறந்து தத்தித் தத்தி நடக்கிற அந்த அழகான காலம்தான் அது. எல்லோரும் தூக்கிக் கொஞ்சுகிற காலமும் அதுதான்.

வயிறு மட்டும் மத்தளம் மாதிரி உப்பி, விலா எலும்பு தெரிய, முடி மங்கிப்போய் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள். மேசையில் வைத்ததும் வாந்தி எடுத்தது. வெள்ளையாக, திரித்த நூல் போல, விரல் நீளத்துக்கு ஒரு கொத்து. ஒவ்வொன்றும் நெளிந்தது. கொண்டுவந்த அம்மா கையில் இருந்த குழந்தையை இறக்கி விடவே இல்லை.

குட்டிக்கு இரண்டு வார வயதிலேயே பூச்சி மருந்து ஆரம்பிக்க வேண்டும். பிறகு நான்கு, ஆறு, எட்டாவது வாரம் என்று தொடர வேண்டும். தாய்க்கும் கூடவே. "தடுப்பூசி போட வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் அதற்குள் தோட்டம் முழுக்க முட்டை.

நான்குகால் துணை

பச்சைக்கல், மன்னித்துக்கொள்ளுங்கள். வேகத்தில் எழுதிவிட்டேன். குழந்தைக்கு அப்படி நடந்திருக்கும் என்று தெரியாது.

குட்டிப்பால், ஒரு கேள்வி. நான் மூன்று பேருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை, தடுப்பூசி போடும்போது பூச்சி மருந்தும் கொடுத்துவிடுவேன். அது போதும்தானே?

குட்டிப்பால்

போதாது. மருந்து கொடுத்த அன்று இருக்கிற புழுவைத்தான் அது வெளியேற்றும். மறுவாரம் தெருவில் எதையோ மோந்து நக்கினால் திரும்பவும் ஆரம்பம். பெரிய நாய்க்கு வருடத்துக்கு நான்கு தடவையாவது என்பதுதான் பொதுவான அறிவுரை. வெளியில் அலைகிற நாய், பச்சை இறைச்சி தின்கிற நாய், சின்னக் குழந்தை இருக்கிற வீட்டு நாய் என்றால் மாதாமாதம்கூடச் சொல்வார்கள். அடிக்கடி மருந்து கொடுக்கப் பிடிக்கவில்லை என்றால் மல மாதிரி கொண்டுபோய்ப் பரிசோதித்துப் பாருங்கள். நாய் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மணல்மேடு

நான் சொல்வது வாய் வழியாக வருவது இல்லை, கால் வழியாக வந்தது.

கடற்கரையில் இரண்டு நாள் வெறுங்காலோடு திரிந்தேன். திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து உள்ளங்கால் ஓரத்தில் அரிப்பு. முதலில் கொசு என்று விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் சிவப்பாக ஒரு கோடு, சிறுபிள்ளை பேனாவால் கிறுக்கியது போல வளைந்து வளைந்து. ராத்திரியில்தான் அரிப்பு உயிரை எடுக்கும். கோடு முடிகிற இடத்தில் நீல மையால் ஒரு புள்ளி வைத்தேன். காலையில் பார்த்தால் கோடு புள்ளியைத் தாண்டி ஒரு விரல் அகலம் போயிருந்தது. தோலுக்கு அடியில் ஏதோ நடக்கிறது என்று தெரிந்ததும் சத்தியமாகக் கை நடுங்கிவிட்டது.

தோல் மருத்துவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார், நாய் பூனையின் கொக்கிப்புழுக் குஞ்சு என்று. ஐவர்மெக்டின் கொடுத்தார். இரண்டு மூன்று நாளில் அரிப்பு நின்றது. மருந்து இல்லாவிட்டாலும் சில வாரத்தில் அது தானாகச் செத்துவிடும், ஆனால் சொறிந்து சொறிந்து புண்ணாகிச் சீழ் வைக்கும் என்றார். மண்ணில் துண்டு விரித்துப் படுப்பதைவிடச் செருப்புப் போட்டு நடப்பதும், அலை வந்து நனைக்கிற ஈர மணலில் உட்காருவதும் நல்லது என்று சொன்னார்.

ஆய்வகச் சாளரம்

மணல்மேடு சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கொக்கிப்புழு டாக்ஸோகாரா மாதிரி வாரக்கணக்கில் காத்திருக்காது. சூடும் ஈரமும் நிழலும் இருந்தால் முட்டை ஓரிரு நாளில் பொரிந்துவிடும், ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். ஆனால் வெயிலும் வறட்சியும் அதற்கு ஆகாது. டாக்ஸோகாரா முட்டைக்கோ ஓடு தடிமன் என்பதால் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் இல்லை" என்று எல்லோரும் நினைக்கிறோம். புதிதாக இருக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போகிறோம். மழை பெய்து, கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு அதே இடத்தில் பாய் விரிக்கிறோம். புழு முட்டை விஷயத்தில் இது தலைகீழ். போட்ட அன்றைக்கே அள்ளிவிட்டால் முட்டை முற்றுவதற்குள் போய்விடும். அள்ளாமல் விட்டது மறையும், முட்டை மட்டும் தங்கும்.

வேர்நுனி

தோட்டம் போடுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன். மாட்டுச் சாணம் நல்ல உரம். நாய்க்கழிவை மட்கவைத்துச் செடிக்குப் போட்டால் என்ன? குப்பைக்குப் போவதற்குப் பதில் மண்ணுக்குப் போகட்டுமே. நான் இரண்டு வருடமாகக் குழி வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதன் பக்கத்திலேயே கீரைப் பாத்தி.

குட்டிப்பால்

வேர்நுனி, கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மாடு புல் தின்பது. நாய் இறைச்சி தின்பது, அதன் குடலில் இருக்கிற கிருமியும் புழுவும் மனிதனுக்கு நெருக்கமானவை. அந்த முட்டை சாக வேண்டும் என்றால் குவியல் முழுக்க 60 டிகிரிக்கு மேல் சூடேறி நிற்க வேண்டும். வீட்டுக் குழியில் நடுப்பகுதி கொஞ்சம் சூடாகும், ஓரம் அப்படியே கிடக்கும். பச்சையாகத் தின்கிற, பறித்ததும் சமைக்கிற இலையும் கிழங்கும் விளைகிற மண்ணில் அந்த நம்பிக்கையை வைக்க முடியாது. பையில் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் சேர்ப்பதுதான் எளிது. புதைத்தே ஆக வேண்டும் என்றால் காய்கறிப் பாத்தி, கிணறு, ஓடை எல்லாவற்றிலிருந்தும் விலகி, குழந்தைகள் தோண்டாத இடத்தில்.

வேர்நுனி

சரி. குழியை மூடிவிட்டு அந்தப் பாத்தியில் பூச்செடி வைத்துவிடுகிறேன். மண்ணைக் கிளறும்போது கையுறை போட்டுக்கொள்கிறேன். இரண்டு வருடமாக அந்தக் கீரையை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

இரவுப்பணி

செவிலியர். தேன்சிட்டு எழுதிய ஈரல் கட்டியைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் பெரியப்பா ஆடு மேய்த்தவர். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் பண்ணியபோது ஈரலில் நீர்க்கட்டி தெரிந்தது. பெரிய கட்டி, உள்ளே சின்னச் சின்னதாகக் குட்டிக் கட்டிகள், திரையில் பார்க்கத் தேனடை மாதிரி. எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு. முட்டை உடம்புக்குள் போய்ப் பத்துப் பதினைந்து வருடம்கூட ஆகியிருக்கலாம் என்றார்கள். அத்தனை மெதுவாக வளரும். அறுவை சிகிச்சையில் அது கிழிந்து நீர் சிந்திவிட்டால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், வேறு இடங்களிலும் முளைக்கலாம். அதனால் கட்டியைச் சுற்றி மருந்து நனைத்த துணிகளை அடுக்கிவிட்டுத்தான் கை வைப்பார்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் அல்பெண்டசோல் என்ற புழு மருந்து கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

ஆய்வகச் சாளரம் டாக்ஸோகாரா பற்றிச் சொன்னது இதற்குப் பொருந்தாது. இந்த முட்டை வெளியே வந்த அந்த நிமிடமே நோய் தரக்கூடியது. ஆனால் எல்லா நாயிடமும் இது இருக்காது. அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாகத் தின்ற நாய்க்குத்தான் வரும். அந்த ஒரு வழியை அடைத்தால் நோயே போய்விடும்.

ஐஸ்லாந்தில் அப்படித்தான் ஒழித்தார்கள். 1863ல் ஹரால்ட் கிராப் என்ற டென்மார்க் அறிவியலாளர் அங்கே போய் 100 நாய்களைப் பரிசோதித்ததில் 28ல் இந்தப் புழு இருந்தது. அப்புறம் எளிய மொழியில் ஒரு சிறு கையேடு அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள்: கட்டி இருக்கிற உறுப்பை நாய்க்குப் போடாதே, எரித்துவிடு அல்லது ஆழமாகப் புதைத்துவிடு. நியூசிலாந்தும் பல பத்தாண்டுகள் இதே வேலையைச் செய்து 2002ல் இந்நோய் நீங்கியதாகத் தற்காலிக அறிவிப்பு வெளியிட்டது.

தெருவிளக்கு

படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. என் கருத்து இதுதான்: இத்தனை நோய் இருக்கிறது என்றால் குழந்தை இருக்கிற வீட்டில் நாயே வேண்டாம். பூங்காவுக்கும் நாய் வரக் கூடாது என்று தடை போட வேண்டும். என் மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி. வீட்டில் இருக்கிற நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கர்ப்பத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வந்தால் குழந்தைக்கு ஆபத்து என்கிறார்களே.

ஆய்வகச் சாளரம்

தெருவிளக்கு, அவசரப்பட்டு நாயை வெளியே அனுப்பாதீர்கள். டாக்ஸோகாரா வேறு, டாக்ஸோபிளாஸ்மா வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் படித்தவர்களே குழம்புகிறார்கள். டாக்ஸோபிளாஸ்மா முட்டையை மலத்தில் வெளியிடுவது பூனைக் குடும்பம்தான், நாய் இல்லை. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும்கூட அது வருகிற வழி. உங்கள் மனைவி நாய்க்கழிவை அள்ள வேண்டாம், அதை நீங்கள் செய்யுங்கள். நாய்க்குப் பூச்சி மருந்து, தடுப்பூசி ஒழுங்காகப் போகட்டும். நாயைத் தொட்டால் சாப்பிடுவதற்கு முன் கை கழுவட்டும். அவ்வளவு போதும்.

நாயின் முடியிலும் டாக்ஸோகாரா முட்டையைக் கண்டிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பாலானவை முற்றாத முட்டை. சுத்தமாக வளர்கிற பெரிய நாயைத் தடவிக் கொடுப்பதால் வருவதைவிட, அசுத்தமான மண் வாய்க்குள் போவதால் வருவதுதான் அதிகம். மண் தின்கிற பழக்கம் இருக்கிற குழந்தைகளுக்கு இது அதிகமாக வருவதும் அதனால்தான்.

இரவுப்பணி

தெருவிளக்கு, கூடவே ஒன்று. மழைத் தண்ணீர் தேங்கிய இடம். அதில் கவலை மலம் இல்லை, சிறுநீர். லெப்டோஸ்பைரா, எலிக்காய்ச்சல் என்பார்களே, அது எலிக்கு மட்டும் சொந்தம் இல்லை. நாயின் சிறுநீரிலும் வரும். காலில் வெட்டுக்காயத்தோடு குட்டையில் இறங்காதீர்கள். இறங்கி ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் தண்ணீரில் இறங்கியதைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டு, சாதாரணக் காய்ச்சல் என்று நாள் கடத்தி, சிறுநீரகம் பாதித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாய்க்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

எங்கள் வார்டில் அடிக்கடி சொல்கிற இன்னொன்று: மண்ணீரல் எடுத்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள் பேதி இருக்கிற நாய்க்குட்டியைப் பராமரிக்கவே கூடாது. அமெரிக்காவில் 2016லிருந்து 2018 வரை, கடையில் விற்ற நாய்க்குட்டிகளால் கேம்பைலோபேக்டர் தொற்று பரவி 100க்கும் மேற்பட்டவர்கள் நோய்வாய்ப்பட்டார்கள். அந்தக் கிருமி பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காததாக இருந்தது.

பச்சைக்கல்

தடை போடுவது பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் அப்படி நடந்த பிறகும் நான் நாய் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நியூயார்க்கில் 1978ல் அள்ளாவிட்டால் அபராதம் என்று சட்டம் வந்தபோது யார் அள்ளப் போகிறார்கள் என்று கேட்டவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு எத்தனையோ நகரங்களில் பையோடு நடப்பது சாதாரணமாகிவிட்டது. பழக்கமாக வேண்டியது அள்ளுவதுதான்.

தேன்சிட்டு

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்று குழந்தை மருத்துவரிடம் போனோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், எடை பார்த்தார். இப்போதைக்கு மருந்து எதுவும் வேண்டாம், பேதியோ காய்ச்சலோ வந்தால் உடனே வரச் சொன்னார். மண் தின்கிற பழக்கம் உண்டா, வீட்டில் குட்டி நாய் உண்டா என்றும் கேட்டார். இப்போதே ரத்தம் எடுத்தால் எதுவும் தெரியாது, தேவைப்பட்டால் சில வாரம் கழித்து ஈசினோஃபில் பார்க்கலாம் என்றார்.

எனக்கு இன்னும் இரண்டு கேள்வி. கைப்பையில் எப்போதும் வைத்திருக்கிற கிருமிநாசினி ஜெல் போதுமா? வீட்டு வாசலில் நாய் அசிங்கம் பண்ணினால் பிளீச்சிங் பவுடர் போடுகிறேன், அது சரியா?

ஆய்வகச் சாளரம்

ஜெல் பல பாக்டீரியாவுக்குச் சரி. புழு முட்டைக்கு அது ஒன்றுமே செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் முட்டையைக் கொல்வதில்லை, தேய்த்து உருட்டிக் கையை விட்டு இறக்கிவிடுகிறது. நமக்கு அது போதும். இருபது நொடியாவது, நகக்கண்ணையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். மகனுக்கு நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். வெளியே போகும்போது ஒரு தண்ணீர்ப் புட்டியும் துண்டுச் சோப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளீச்சும் அப்படித்தான். அது முட்டையின் மேல் ஒட்டும் பசையை எடுத்துவிடும், உள்ளே இருப்பது சாகாது. முதலில் மலத்தை முழுவதும் அள்ளிவிடுங்கள். சிமென்ட் தரை என்றால் அதன்மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சி அடிக்காதீர்கள், அது சுற்றிலும் தெறித்துப் பரவும். மண் தரை என்றால் மேல் மண்ணையும் ஒரு கரண்டி ஆழத்துக்குச் சேர்த்து அள்ளுங்கள்.

அள்ளுவதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். பையைக் கையுறை மாதிரி கையில் மாட்டி, அள்ளி, அப்படியே உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிக் கட்டிவிடலாம். பை ஓட்டை இல்லை என்று ஊதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணல்மேடு

தேன்சிட்டு, அந்தப் பூங்கா மணலுக்கு மூடி இருக்கிறதா? நாங்கள் குடியிருக்கிற இடத்தில் மணல் தொட்டிக்குத் தார்ப்பாய் வாங்கிப் போட்டோம். குழந்தைகள் போனதும் யாராவது ஒருவர் இழுத்து மூடிவிடுவார்கள். இதில் இருக்கிற ஒரே சிரமம், மழைநாளில் பாயில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுவதுதான். வருடத்துக்கு ஒரு தடவை மணலை மாற்றுகிறோம்.

தேன்சிட்டு

மூடி இல்லை. பராமரிப்புக் குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்று ஆறாவது நாள், மகன் நன்றாக இருக்கிறான். பேதி இல்லை, காய்ச்சல் இல்லை.

நான்குகால் துணை

குட்டிப்பால் சொன்னபடி மூன்று நாயின் மல மாதிரியையும் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி, கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டுக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவதில் கொக்கிப்புழு முட்டை இருக்கிறதாம். அதுதான் மூன்றிலும் நல்ல திடமானது, முடி பளபளவென்று இருக்கும், ஒரு நாள் சாப்பாடு விட்டது கிடையாது. மூன்றுக்கும் மருந்து கொடுத்துவிட்டார்கள், சில வாரம் கழித்து மறுபடி மாதிரி கேட்டிருக்கிறார்கள்.

தோட்டத்தை இதுவரை வாரத்துக்கு ஒரு தடவைதான் சுத்தம் பண்ணுவேன். நேற்று ராத்திரியே டார்ச் அடித்து எல்லாவற்றையும் அள்ளினேன். வேலியோரம் நிழலில், ஈர மண்ணில்தான் அதிகம் இருந்தது. மகள் தினமும் அந்த வழியாகத்தான் வெறுங்காலோடு ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள்.

குட்டிப்பால்

அந்த வேலியோரத்தில் வெயில் படுகிற மாதிரி கிளைகளைக் கழித்துவிடுங்கள், தண்ணீர் தேங்காமல் பாருங்கள். மகள் காலில் கோடு மாதிரி அரிப்பு ஏதாவது இருக்கிறதா?

நான்குகால் துணை

உட்கார வைத்து விரலிடுக்கு வரை பார்த்தேன், இல்லை. அவள் செருப்பைப் பின்வாசல் படியிலேயே வைத்துவிட்டேன்.